முத்துவின் குருவி

காட்டில் ஒரு குருவியை இனங் காண்பது, ஏட்டுச்சுவடியிற் பாடபேதம் தெளிவதை ஒக்கும். உள்ளத்தின் விருப்பத்தை ஒதுக்கி வைத்தாலன்றி உண்மை புலப்படாது. தமிழாசிரியனாகிய எனக்கு இதனை உணர்த்தியது ஒரு சிறு பறவையின் கால்.

கண்டித் தலதா மாளிகையின் பின்னே விரிந்து கிடப்பது உடவத்தக்கெலே வனம். கண்டியரசர்க்கு உரிய பொழிலாயிருந்த அது, 1938ஆம் ஆண்டிற் சரணாலயமாயிற்று. சென்ற தை மாதத்து மாலையொன்றில் மாணாக்கர் இருவருடன் ஆங்குச் சென்றிருந்தேன். புதரின் நிழலிலே பழுப்புநிறப் பறவையொன்று அசையாதிருந்தது. திடீரெனப் பாய்ந்து பூச்சியைப் பற்றி மீண்டது.

“ஐயா, இதன் பெயர் என்ன?” என்றான் ஒருவன்.

பழுப்பு ஈப்பிடிப்பான், பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் என இரண்டு உண்டு. இரண்டும் பனிக்காலத்து விருந்தினர், உடன்பிறந்தார்போல் ஒத்தவை. முன்னதன் கால் கறுப்பு. கீழலகின் நுனியுங் கறுப்பு. பின்னதற்கோ காலும் கீழலகு முழுதும் வெளிர்மஞ்சள். ரகர றகரம் போல வேறுபாடு சிறிது, பொருளோ பெரிது.

பின்னதாகவே இருத்தல் வேண்டுமென என் நெஞ்சம் விழைந்தது. காரணம் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இலங்கையில் ஆங்கில அரசின் உத்தியோகத்திலிருந்த எட்கார் லேயார்ட் என்பவர் பறவைகளை ஆராய்ந்தார். பருத்தித்துறையில் அவருடைய பணியாளர் முத்து, இக்குருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். தமக்குப் பல அரிய பறவைகளைத் தேடித்தந்த அவரது பொறுமையைப் போற்றி, 1854இல் லேயார்ட் இதற்கு அவர் பெயரையே சூட்டினார். உலகத்து விஞ்ஞானிகள் இன்றும் இதனை ‘மஸ்கிகாபா முத்துயி’ என்றே வழங்குகின்றனர். வடகிழக்கிந்தியா, தென்சீனம் முதலிய நாடுகளிற் கூடுகட்டும் குருவி, ஒரு தமிழ்ப் பணியாளரின் பெயரைச் சுமந்து பறக்கின்றது!

ஆயினும் அன்று இருள் சூழ்ந்தது, கால் தெரியவில்லை. “முத்துவின் குருவியென்றே எழுதட்டுமா?” என்றான் மாணவன். “ஐயம் என்று எழுது” என்றேன். அவன் முகம் வாடிற்று.

மூன்றாம் நாட் காலை, அதே கொம்பில் வெயிற்கதிரொன்று வீழ்ந்தது. கால் வெளிர்மஞ்சள், கீழலகின் நுனியிலுங் கறுப்பில்லை. மாணவன் யாதும் பேசாது, ‘ஐயம்’ என்ற சொல்லை அடித்துப் பெயரை எழுதினான்.

நிகண்டிலிருந்து பறவைப் பெயர்களை முப்பதாண்டு ஓதுவித்தவன் யான். ஒரு பறவையை உற்று நோக்குதற்கு எனக்கு ஆசானாக வாய்த்தவர் பருத்தித்துறை முத்துவே.