உங்களுக்குத் தெரியுமா? கரியமில வாயுவும் கடல்பாசியும்

● கரியமில வாயு கூடினால் வயலில் பயிர் செழிக்கும், கடலில் பாசி செழிக்கும் என்று ஒரு கணக்கு உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடல்நீரில் கரைந்திருக்கும் கனிமக் கரிமத்தில் சுமார் 90 விழுக்காடு பைகார்பனேட்டாக இருக்கிறது. வாயுவாகவே கரைந்திருப்பது ஒரு விழுக்காடுகூட இல்லை. எந்தப் பாசி இதில் எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்க்காமல் செழிப்பைப் பற்றிப் பேச முடியாது.

● அந்தச் சொற்ப வாயுவும் பாசியைத் தேடி ஓடி வருவதில்லை. காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவும்.

● ஒளிச்சேர்க்கையில் கரிமத்தைப் பிடித்துக்கொடுக்கும் ரூபிஸ்கோ என்ற நொதிக்குப் பைகார்பனேட் ஆகாது, வாயுதான் வேண்டும். அதனால் பெரும்பாலான பாசிகள் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற இன்னொரு நொதியை வைத்திருக்கின்றன. அது பைகார்பனேட்டை வாயுவாக மாற்றித் தருகிறது. வீட்டில் வற்றாத கிணறு இருப்பவருக்கு லாரித் தண்ணீர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? கலிபோர்னியக் கடலோரத்தின் ராட்சதக் கெல்ப் இந்த ரகம். நல்ல சூழலில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது அது. கூடுதல் வாயுவால் அதற்குப் பெரிய ஆதாயம் இல்லை.

● இந்த ஏற்பாடு இல்லாத பாசிகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சிவப்புப் பாசிகள். வெளிச்சம் குறைந்த ஆழத்திலோ பாறை நிழலிலோ வாழ்பவை. பைகார்பனேட்டை உள்ளே இழுக்க ஆற்றல் செலவாகும். மங்கலான ஒளியில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. வாயு கூடினால் முதலில் லாபம் பார்க்கக்கூடியவை இவைதான்.

● ஒரு பாசி எந்த ரகம் என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கடல்நீர் நிரம்பிய புட்டியில் பாசியைப் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, வெளிச்சத்தில் வைப்பார்கள். பாசி கரிமத்தை உறிஞ்ச உறிஞ்ச நீரின் பி.எச். அளவு ஏறும். வாயுவை மட்டும் நம்பியிருக்கும் பாசி 9 வாக்கில் நின்றுவிடும். பச்சை நிற அல்வா போன்றவை 10-ஐயும் தாண்டும். (அல்வா என்பது பாசியின் பெயர்தான், திருநெல்வேலியை நினைக்க வேண்டாம்.)

● 1990-களின் தொடக்கத்தில் குன்ஷான் காவோ என்ற ஆய்வாளரும் சகாக்களும், கரியமில வாயு கூட்டிய காற்றைத் தொட்டிநீரில் செலுத்திப் பார்த்தார்கள். ஜப்பானியர் நோரி என்று சாப்பிடும் சிவப்புப் பாசியும் கிராசிலேரியாவும் வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்தன. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் கஞ்சிப்பாசியும் கிராசிலேரியா பேரினம்தான். உடனே கணக்குப் போட்டுவிடக் கூடாது. தொட்டியில் மற்ற உரத்துக்குக் குறை வைக்காமல் வளர்க்கலாம். திறந்த கடலிலோ பல இடங்களில் நைட்ரஜனுக்கே தட்டுப்பாடு. வாயு மட்டும் கூடி என்ன பயன்?

● ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. தொழிற்புரட்சிக்கு முன் 280. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளியேற்றுவதில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அதனால் மேல்மட்டக் கடல்நீரின் சராசரி பி.எச். 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. 0.1 தானே என்று அலட்சியப்படுத்த முடியாது: அது மடக்கை அளவு. நீரின் ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 30 விழுக்காடு கூடியிருக்கின்றன என்பதே அதற்கு அர்த்தம்.

● வருங்காலக் கடலை இன்றே பார்க்க ஓர் இடம் இருக்கிறது. இத்தாலியில், நேப்பிள்ஸ் அருகே இஸ்கியா தீவு. அங்கே அரகோனீஸ் கோட்டையை ஒட்டிய கடலடியில் எரிமலைக் கரியமில வாயு குமிழ்குமிழாக வெளியேறுகிறது. நீர் மட்டும் சூடாவதில்லை. ஜேசன் ஹால்-ஸ்பென்சர் குழு அதை ஆராய்ந்து 2008-இல் நேச்சர் இதழில் எழுதியது. குமிழ்களை நெருங்க நெருங்கச் சுண்ணாம்பு கட்டும் பாசிகள் அருகி மறைகின்றன. கடற்புல் நன்றாகத் தழைக்கிறது. சுண்ணாம்பு கட்டாத பாசிகள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மொத்தத்தில் இனங்களின் எண்ணிக்கை குறைகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். அதை வளம் என்று எண்ணுவது ஏமாளித்தனம்.

● அப்படி மறைபவற்றில் முக்கியமானவை இளஞ்சிவப்புப் பூச்சாகப் பாறைமேல் படரும் சுண்ணாம்புப் பாசிகள். பலர் இவற்றைப் பாசி என்றே நினைப்பதில்லை. இவை கட்டுவது மக்னீசியம் மிகுந்த கால்சைட். சுண்ணாம்பு வகைகளில் அமிலத்துக்கு எளிதில் கரைவது அதுதான். உடைந்த பவளத் துண்டுகளை ஒட்டவைத்துத் திட்டை இறுக்குபவை இவை. பல பவளங்களின் குஞ்சுகள் வந்து உட்காருவதும் இவற்றின் மேல்தான்.

● விசிறிபோல் விரியும் படினா என்ற பழுப்புப் பாசி வேறு வழி கண்டது. மேலே மெல்லிய சுண்ணாம்பு பூசிக்கொள்வது அதன் வழக்கம். இத்தாலியின் வுல்கானோ தீவில் வாயு மிகுந்த நீரில் பூச்சு குறைந்துபோனது, பாசியோ பெருகியது. அங்கே அதை மேயும் கடல் முள்ளெலிகளும் குறைவு.

● பாசி வளர்த்தால் கரியமில வாயு தீர்ந்துவிடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். பாசியைத் தின்றாலும், அது கரையில் அழுகினாலும், எடுத்த கரிமம் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லப்படுவதும் வண்டலில் புதைவதும்தான் நிலையான சேமிப்பு. 2016-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகின் பாசிகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 17.3 கோடி டன் கரிமத்தை இப்படி ஒதுக்குகின்றன. அது தானாக வளரும் பாசியின் வேலை. பண்ணைப் பாசி அறுவடையாகிக் கரைக்கு வந்துவிடுகிறதே.

● கரியமில வாயு ஊட்டுவதைவிட, அதனால் ஏறும் வெப்பம் பறிப்பதே பல இடங்களில் அதிகம். வடக்குக் கலிபோர்னியாவில் 2014-இல் தொடங்கிய கடல் வெப்ப அலையும், அதையொட்டிப் பெருகிய ஊதா முள்ளெலிகளும் சேர்ந்து காளைக் கெல்ப் காட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழித்தன. நம் மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியும் 2013 வாக்கில் கூட்டம் கூட்டமாக மடிந்து, விளைச்சல் சரிந்தது. கடல்நீர் சூடேறியதுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

● வற்றுக்கடலில் பாறைக் குட்டைகளில் தங்கும் நீரைப் பாசியே மாற்றிவிடும். பகலில் கரிமத்தை உறிஞ்சி பி.எச். அளவை 9-க்கு மேலும் ஏற்றும். இரவில் மூச்சுவிட்டு இறக்கிவிடும். எனவே குட்டையில் பி.எச். அளக்கப் போகிறவர், எத்தனை மணிக்கு அளந்தார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.