கட்டப்பா ஏன் கொன்றார்? - ட்ரெய்லரின் மூளை அறிவியல்

'பாகுபலி 2' படத்தின் ட்ரெய்லர் 2017 மார்ச் 16 அன்று வெளியானது. தெலுங்கு, தமிழ், இந்தி, மலையாளம் என நான்கு மொழிகளிலும் சேர்த்து ஒரே நாளில் 5 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது என்று அப்போது செய்திகள் வந்தன. பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குக் கதையின் முக்கியத் திருப்பம் ஏற்கெனவே தெரியும். நாயகன் பாகுபலியைக் கொன்றது அவனுக்கு விசுவாசமான கட்டப்பாதான் என்பது 2015 ஜூலை 10-ல் முதல் பாகம் வெளியான அன்றே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தெரியாதது ஒன்றுதான்: ஏன் கொன்றார்? ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் அரண்மனை எழுப்பிப் படமாக்கப்பட்ட ஒரு கதையின் கேள்வி, ஏறத்தாழ 22 மாதங்கள் டீக்கடை முதல் வாட்ஸ்அப் வரை நாடு முழுக்கச் சுற்றியது.

இரண்டரை நிமிடத்துக்குள் முடியும் அந்த ட்ரெய்லர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மாறாக, நீ என் பக்கத்தில் இருக்கும்வரை என்னைக் கொல்லக்கூடியவன் பிறக்கவில்லை என்ற பொருளில் பாகுபலி கட்டப்பாவிடமே, 'மாமா' என்று உரிமையோடு அழைத்துச் சொல்வதைக் காட்டியது. இவ்வளவு நம்பியவனையா கொன்றார் என்று பழைய கேள்வி இன்னும் கூர்மையானது.

பாதி தெரிந்தால்தான் ஆர்வம்

ஆர்வம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு அமெரிக்கப் பொருளியல், உளவியல் அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994-ல் ஒரு விளக்கம் கொடுத்தார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதை உணரும்போது மனம் அரிக்கத் தொடங்குகிறது. அதுதான் ஆர்வம் என்றார். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் இந்த அரிப்பு வருவதில்லை. எல்லாம் தெரிந்துவிட்டாலும் வராது.

கலிஃபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு இதை மூளை ஸ்கேன் மூலம் சோதித்தது. பங்கேற்றவர்களிடம் பொது அறிவுக் கேள்விகள் கேட்கப்பட்டன. பதில் தெரிந்தது போலவும் தெரியாதது போலவும் இருந்த கேள்விகளில்தான் ஆர்வம் உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில், பரிசை எதிர்பார்க்கும்போது இயங்கும் காடேட் என்ற மூளைப் பகுதி சுறுசுறுப்பானது. பதிலைத் தெரிந்துகொள்ள அவர்கள் காத்திருக்கவும் தயாராக இருந்தார்கள்.

பெரும்பாலான ட்ரெய்லர்களின் கட்டமைப்பு இதைத்தான் பின்பற்றுகிறது. முதல் பகுதி நாயகன், ஊர், எதிரி என்று நமக்குப் பாடம் நடத்துகிறது. அடுத்த பகுதி பிரச்சினையைத் தொடங்கிவைத்து, முடிவு தெரியும் முன்பே வெட்டிவிடுகிறது.

இது வெறுமனே கதையை மறைக்கும் வித்தை அன்று. அதற்குச் சாட்சி, பாகுபலியை இயக்கிய எஸ்.எஸ். ராஜமௌலியின் 'நான் ஈ' (2012). கொல்லப்பட்ட ஒருவன் ஈயாகப் பிறந்து பழிவாங்குகிறான் என்ற கதையைப் படம் வெளியாகும் முன்பே அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். என்ன நடக்கும் என்பது தெரிந்த பிறகும், ஓர் ஈ மனிதனை எப்படிக் கொல்லும் என்ற கேள்வி மிச்சமிருந்தது. பாகுபலியில் 'ஏன்', நான் ஈயில் 'எப்படி'. முடிவு முன்பே தெரிந்த சிறுகதைகளை வாசகர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2011-ல் கண்டறிந்ததும் இதனுடன் பொருந்திப்போகிறது.

எடிட்டரின் பிடியில் கண்

நரம்பியல் ஆய்வாளர் உரி ஹாசன் குழுவினர் பலருக்கு ஒரே காட்சியைக் காட்டி, அவர்களின் மூளை இயக்கத்தை ஒப்பிட்டார்கள். ஹிட்ச்காக் இயக்கிய தொலைக்காட்சிக் கதையைப் பார்த்தபோது மூளைப் புறணியின் 65 சதவீதப் பகுதி எல்லோரிடமும் ஒரே போக்கில் இயங்கியது. ஒரு பூங்காவை வெட்டு எதுவும் இல்லாமல் படம்பிடித்த காட்சிக்கு இது 5 சதவீதத்துக்கும் குறைவு. எதைப் பார்ப்பது என்பதைத் தேர்ந்த இயக்குநரும் எடிட்டரும் முடிவு செய்துவிடுகிறார்கள். ஷாட்டுக்கு ஷாட் தாவும் ட்ரெய்லரில் நம் கண்ணுக்குக் கிடைக்கும் சுதந்திரம் இன்னும் குறைவு.

இந்த ஒத்திசைவுக்குப் பண மதிப்பும் உண்டு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தியேட்டரில் படம் பார்க்க வந்தவர்களின் தலையில் மின்னலைகளைப் பதியும் கருவியை மாட்டி ட்ரெய்லர்களைக் காட்டினார்கள். பார்வையாளர்களின் மூளை அலைகள் எந்த ட்ரெய்லருக்கு அதிகம் ஒத்துப்போனதோ, அது பின்னர் நன்றாக நினைவில் நின்றது. அந்தப் படத்தின் டிக்கெட் விற்பனையோடும் அது பொருந்தியது. 2017-ல் இந்த முடிவுகள் வெளியாயின.

ஏறும் ஒலி, ஒரு நொடி மௌனம்

கண்ணை மூடிக்கொண்டாலும் தப்ப முடியாது. படிப்படியாக உயரும் ஒலியை, அது உண்மையில் உயர்ந்த அளவைவிட அதிகமாகவே காது மதிப்பிடுகிறது என்று 1998-லேயே ஒலி ஆய்வுகள் காட்டின. நம்மை நோக்கி நெருங்கி வரும் ஆபத்தின் ஒலி அப்படித்தான் இருக்கும் என்பதே காரணமாகக் கருதப்படுகிறது. மேளச் சத்தம் ஏறிக்கொண்டே போய், சட்டென்று நின்று, ஒரு நொடி மௌனத்துக்குப் பின் பேரிடியாக விழுவதை ட்ரெய்லர்களில் அடிக்கடி கேட்கிறோம். பிடித்த இசையில் சிலிர்ப்பு வரும் இடத்துக்குச் சற்று முன்பே மூளையில் டோபமைன் சுரக்கிறது என்று மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகம் 2011-ல் காட்டியது. அந்த ஒரு நொடி மௌனத்தில் நமக்குக் கிடைக்கும் இன்பம், வரப்போகும் அடிக்கான காத்திருப்பு.

வாக்குறுதி அல்ல

இத்தனைக்கும் பிறகு படம் ஏமாற்றினால்? ஷாருக் கானின் 'ஃபேன்' (2016) படத்தின் விளம்பரத்தில் வந்த பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு பார்வையாளர் வழக்குத் தொடுத்தார். மாநில, தேசிய நுகர்வோர் ஆணையங்கள் அவர் பக்கம் தீர்ப்பளித்தன. ஆனால், 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. விளம்பர ட்ரெய்லர் ஒரு தரப்பு மட்டும் வெளியிடுவது; அதை ஒப்பந்தமாகவோ வாக்குறுதியாகவோ எடுத்துக்கொள்ள முடியாது என்றது.

'பாகுபலி 2' உலக அளவில் 1,000 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் இந்தியப் படமானது. அந்தப் பெருமை ட்ரெய்லருக்கு மட்டும் உரியதல்ல. எழுப்பிய கேள்விக்குப் படத்திடம் பதில் இருந்தது. எல்லாப் படங்களிடமும் அப்படிப் பதில் இருப்பதில்லை. பெரிய நட்சத்திரப் படங்களுக்கு அரசு அனுமதியோடு முதல் சில நாள்கள் டிக்கெட் விலை ஹைதராபாத்தில் ஏற்றப்பட்டதுண்டு. ஆகவே, ட்ரெய்லர் பார்த்த சூட்டிலேயே முன்பதிவு செய்யாதீர்கள். ஓர் இரவு தூங்கி எழுங்கள். காலையிலும் அந்தக் கேள்வி மனதில் நின்றால் டிக்கெட் எடுங்கள். சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது என்றால் பணம் மிச்சம்.