உங்களுக்குத் தெரியுமா? வெளிச்சத்துக்கு எதிராக ஒரு புரட்சி

‘ஃபாலன் லண்டன்’ என்ற இணைய விளையாட்டில் வரும் தீவிரப் புரட்சிக்காரர்களுக்கு எதிரி அரசாங்கம் மட்டுமல்ல, வெளிச்சமும்தான்!

ஃபெயில்பெட்டர் கேம்ஸ் நிறுவனம் 2009-ல் தொடங்கிய இந்த விளையாட்டில், 1862-ல் வௌவால்கள் லண்டன் மாநகரத்தையே பூமிக்கடியில் கொண்டுபோய்விடுகின்றன. கணவர் ஆல்பர்ட்டின் உயிருக்காக விக்டோரியா மகாராணி பேசிய பேரம் அது. (நிஜ ஆல்பர்ட் 1861 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்.) வெயிலே எட்டாத அந்தப் பாதாள நகரத்தை ஆட்டிப்படைப்பவர்கள், முக்காடிட்ட ‘மாஸ்டர்கள்’. அவர்களைக் கவிழ்க்க டைனமைட்டும் கையுமாக அலைகிறது ஒரு ரகசியக் கூட்டம்.

கூட்டத்தின் தலைமைக்கு ‘காலண்டர் கவுன்சில்’ என்று பெயர். உறுப்பினர்கள் சொந்தப் பெயரை மறைத்து, ஜனவரி, பிப்ரவரி என்று மாதப் பெயர்களில் உலவுகிறார்கள். ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் 1908-ல் எழுதிய நாவலில் அராஜகவாதிகள் கிழமைப் பெயர்களைச் சூடியிருப்பார்கள். இவர்கள் அவர்களுக்குப் பங்காளி முறை போலும்!

இந்தப் புரட்சிக்காரர்களில் தீவிரக் கோஷ்டியின் கனவு ‘இரவின் விடுதலை’. இந்தக் கற்பனை உலகில் விண்மீன்கள் வெறும் நெருப்புக் கோளங்கள் அல்ல, நீதிபதிகள். எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்பதை அவற்றின் ஒளியே விதிக்கிறது. ஒளியே சட்டம் என்றால், சட்டத்தை ஒழிக்க எல்லா ஒளியையும் அணைத்தாக வேண்டும். தர்க்கம் கச்சிதம், யோசித்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. நல்லவேளை, எல்லாப் புரட்சிக்காரர்களும் இதற்குத் தலையாட்டுவதில்லை. பலருக்கு மாஸ்டர்களை விரட்டினாலே போதும்.