சைக்கிளில் சுமை: முதுகிலா, கேரியரிலா?

மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் ஸ்கூட்டர் வந்த பின்னும் சைக்கிள் முற்றிலும் போய்விடவில்லை. மேடே இல்லாத ஊர் இது. பஜார் ரோட்டில் லாரியிலிருந்து மூட்டை இறக்கினால் கார் நிற்கும், ஆட்டோ நிற்கும், சைக்கிள் மட்டும் சந்து பார்த்து நழுவிவிடும். ஆனால் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லையே! சாப்பாட்டுத் தூக்கு, குடை, கணக்குப் புத்தகம், திரும்பும்போது காய்கறி. இவற்றை எங்கே வைப்பது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. கைக்கு எட்டிய இடத்தில் மாட்டிக்கொண்டு ஏறிவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் இந்த யோசனையைக் கிளப்பியவன் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன். சென்ற ஆண்டு இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில் தோள் வலிக்கிறது என்றான். முதுகில் மாட்டும் பையை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். எட்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மாணவரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. அவனோ 46 கிலோ. வலியைவிட என்னைப் பயமுறுத்தியது இன்னொன்று. முதுகுச் சுமை ஆளை மேல்கனமாக்கிவிடுகிறது. குழிக்காகச் சற்று ஒதுங்கினாலும் பை ஒரு பக்கம் சாய்ந்து உடம்பையும் இழுக்கும். அந்த நேரம் பக்கத்தில் லாரி வந்தால்? வியர்வையில் ஊறும் சட்டையைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்குப் பதினான்கு வயது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் சைக்கிள் விட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் முணுமுணுத்ததும் உண்டு, அது கிடக்கட்டும். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றார்கள். பிறகு அதையே விரும்பவும் செய்தார்கள். காரணம், சீட்டுக்கும் ஹாண்டில்பாருக்கும் நடுவே உள்ள அந்தக் கம்பி. அதில் குழந்தையை உட்கார வைக்கலாம், பின்னால் தண்ணீர்க் குடம் கட்டலாம். எதை வாங்குவது என்பதைச் சுமைதான் தீர்மானித்தது. எங்கள் தெருவில் ஒற்றைக் குடத்தைக் கேரியரின் ஒரு பக்கம் தொங்கவிட்டவர்கள் கோணிக்கொண்டு போவார்கள். இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டவர்கள் பேசிக்கொண்டே போவார்கள்.

பால்காரர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். கொக்கி வைத்த கேன்கள், பக்கத்துக்கு ஒன்று. இளநீர்க் குலைகளும் அப்படித்தான் தொங்கும். சுமை தாழ இருந்தால் வண்டி ஆடாது. பின்சக்கரத்தின் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ இருக்க வேண்டும். அச்சைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் முன்சக்கரம் இலேசாகி ஹாண்டில் அலையும். ஹாண்டில்பாரில் மஞ்சள்பை மாட்டுவது எல்லாவற்றிலும் மோசம். திருப்பும்போது ஊசலாடும், ஒரு நாள் கம்பிக்குள் நுழையும். முன்கூடையில் குடையும் கீரைக்கட்டும் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

ஃபோர்ட் கொச்சி வெளி பகுதியில் உள்ள தோபி கானாவை நம் வாசகர்கள் அறிவார்கள். டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் துணி வெளுக்கிறார்கள். அங்கே துணி கொடுக்கப் போனபோது, கேரியரில் பெரிய மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அண்ணனிடம் கேட்டேன். "கயிறு வேண்டாம்மா. பழைய டியூபை நீளமா வெட்டி, குறுக்கா இழுத்துக் கட்டுங்க. குழியில விழுந்தா கயிறு தளரும், டியூப் கூடவே இறுக்கும்" என்றார்.

மூட்டைக்கு அது சரி. பாடப் புத்தகத்துக்கு? பஜார் ரோட்டுப் பக்கம் சாக்கு தைக்கும் ஒருவரிடம் கான்வாஸ் துணி கொடுத்து, கேரியரின் மேல் குதிரைச் சேணம் போல விழும் இரட்டைப் பை தைத்து வாங்கினேன்.

மகன் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். "அம்மா, இது பால்காரர் சைக்கிள் மாதிரி இருக்கு. பசங்க கிண்டல் பண்ணுவாங்க."

"பால்காரர் என்னைக்காவது பாலைக் கொட்டிப் பார்த்திருக்கியாடா?"

பதில் இல்லை. பேரம் நடந்தது. புத்தகங்கள் கீழே இரண்டு பைகளில். அவனுடைய அழகான முதுகுப் பையில் கால்குலேட்டரும் பென்சில் பெட்டியும் மட்டும். தோள் வலி இரண்டு வாரத்தில் குறைந்தது. கிண்டல் செய்த பையன்களில் ஒருவனின் அம்மா தையல் கூலி எவ்வளவு என்று என்னிடம் கேட்டுப் போனார்.

தைக்கக் கொடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பையின் அடி, பின்சக்கரத்தின் பாதி உயரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். தெருவில் தண்ணீர் நிற்கும் நாளில் நனையும். பெடல் மிதிக்கும்போது குதிகால் இடிக்காதபடி பையைச் சற்றுப் பின்தள்ளிப் பொருத்துங்கள். ஆனால் கனமான புத்தகம் முன்பக்க ஓரத்தில் இருக்கட்டும். கம்பியில் சிக்காமலிருக்க உட்புறம் ஒரு கெட்டி அட்டை வையுங்கள். கான்வாஸ் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் நம் மழைக்குப் போதாது. புத்தகத்தை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை மடித்து, மடிப்பு கீழ்ப்பக்கம் வரும்படி வையுங்கள். சாப்பாட்டுத் தூக்கு புத்தகம் இல்லாத பக்கத்தில் போகட்டும். சாம்பார் எந்தத் தூக்கிலும் கசியும்.