ஆங்கிலம் கற்பிக்க ஜப்பான் செல்வோர்க்கு

பட்டம் பெற்றபின் வெளிநாடு சென்று ஆங்கிலம் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் நம் தமிழ் மாணவருள் சிலருக்கேனும் உண்டு. அவ்வாறு எண்ணுவோரின் கண் ஜப்பான்மீது விழுவது இயல்பே. அந்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்போர்க்குத் தேவை இருக்கிறது; அயல்நாட்டாரை முறையாக அழைத்துப் பணியில் அமர்த்தும் ஏற்பாடும் இருக்கிறது. ஆயினும், "ஆங்கிலம் தெரியும், அது போதும்" என்று புறப்படுகிறவர் முதல் வாரத்திலேயே திகைத்து நிற்பார். ஆங்கிலம் அவரை ஜப்பானில் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கே குடியிருக்கச் செய்வது வேறு. அது யாது என்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் செல்லும் வழியைப் பார்ப்போம். ஜப்பானிய அரசு 1987-ஆம் ஆண்டில் 'ஜெட்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்கீழ் வருவோரில் மிகப் பெரும்பாலோர் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகப் பணிபுரிகின்றனர். ஒப்பந்தம் ஓராண்டுக்கு உரியது. புதுப்பித்துக்கொண்டே போனால் 5 ஆண்டுகள் வரை இருக்கலாம். இத்திட்டத்தில் இந்தியர் தொகை மிகச் சிறிது. ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்கள், உரையாடல் பள்ளிகள் என்னும் வேறு வழிகளும் உண்டு. எவ்வழியில் சென்றாலும் ஒரு விதியை முன்கூட்டியே கவனித்தல் நலம். பள்ளியில் அயல்மொழி கற்பிப்பதற்கான குடியிருப்புத் தகுதிக்கு, அம்மொழியின் வாயிலாக 12 ஆண்டுகளாவது கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது பொது விதி. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்த நண்பர்கள் கட்டணம் எதையும் கட்டுமுன் இதைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும்.

இனி, போய் இறங்கியபின் செய்ய வேண்டியவை. பெரிய விமான நிலையங்களில் நுழைவு அனுமதியோடு குடியிருப்பு அட்டை ஒன்றையும் கையில் தருவர். அதை எப்போதும் உடன் வைத்திருத்தல் சட்டம். குடியேறிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்துக்குச் சென்று முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். எல்லாக் காரியங்களுக்கும் இதுவே முதற்படி. முகவரி பதிவாகாமல் வங்கிக் கணக்கு கிடைப்பது அரிது. வங்கியோ தொலைபேசி எண் கேட்கும். தொலைபேசி நிறுவனமோ வங்கிக் கணக்கைக் கேட்கும். வேலை தந்தவர் பக்கத்திலிருந்து ஒருவர் உடன் வந்தால் அரை நாளில் முடிவது, தனியே சென்றால் ஒரு வாரத்தை விழுங்கிவிடும். ஆகையால், "முதல் வாரத்தில் எனக்கு உதவப் போகிறவர் யார்?" என்னும் கேள்வியை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன்பே கேட்டுவிட வேண்டும்.

வீட்டுச் செய்தியோ பணச் செய்தி. ஜப்பானில் வாடகைக்கு வீடு பிடிப்பவர் 'ஷிகிகின்' என்னும் முன்பணம் கட்டுவார். வீட்டைக் காலி செய்யும்போது பழுதுக்கான தொகை போக மீதி திரும்பும். இதனோடு 'ரெய்கின்' என்று வீட்டுக்காரருக்கு நன்றித் தொகை ஒன்றும் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது திரும்பவே திரும்பாது. தரகு, முதல் மாத வாடகை, பிணையாளுக்குரிய கட்டணம் ஆகியவற்றையும் கூட்டினால் பல மாத வாடகை ஒரே நாளில் கையைவிட்டுப் போகும். ஊதியமோ மாத முடிவில்தான் வரும். சில இடங்களில் அடுத்த மாதம் வரும். ஆதலால் ஈராறு வாரச் செலவுக்குப் பணம் இல்லாமல் புறப்படலாகாது. பள்ளி நிர்வாகமே வீடு ஏற்பாடு செய்யுமாயின் இச்சுமையில் பெரும்பகுதி குறையும்.

சிறிய செய்தி போலத் தோன்றிப் பெரிய மனத்தாங்கலை உண்டாக்குவது குப்பை. எரியும் குப்பை ஒரு நாள், பிளாஸ்டிக் ஒரு நாள், புட்டிகள் ஒரு நாள் என்று தெருவுக்குத் தெரு அட்டவணை உண்டு. தொக்குஷிமா மாவட்டத்துக் கமிகட்சு என்னும் சிற்றூரில் 40-க்கு மேற்பட்ட பிரிவுகளாகக் குப்பையைப் பிரித்தனர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! தவறான நாளில் வைத்த பை வைத்த இடத்திலேயே கிடக்கும். அது யாருடையது என்பது தெருவுக்கே தெரியும்.

பள்ளிக்குள் நுழைவோம். வாயிலிலேயே தெருச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே அணிவதற்கென்று உள்ள காலணிக்கு மாற வேண்டும். தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 45 நிமிடம். நடுநிலைப் பள்ளியில் 50 நிமிடம். மதிய உணவை ஆசிரியரும் மாணவரும் வகுப்பறையிலேயே உண்பர். பிறகு மாணவரே பள்ளியைத் துடைத்துப் பெருக்குவர். அந்நேரத்தில் கைகட்டி நிற்காமல் தாமும் ஒரு துடைப்பத்தை எடுக்கிற ஆசிரியரைப் பிள்ளைகள் விரைவில் தம்மவராக ஏற்றுக்கொள்வர்.

2020 ஏப்ரல் முதல் தொடக்கப் பள்ளியின் 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாயிற்று. ஆயினும், வகுப்பை நடத்தும் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது, நாம் துணை. ஒரு நாள் பாடம் முழுவதையும் நம்மிடம் விடுவார். மறுநாள் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிவிட்டு ஓரமாய் நிற்க வைப்பார். இதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டுவதில்லை. பாடத்துக்கு முன்தினம் அவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால், நம் இடம் எது என்பது விளங்கிவிடும். மாணவர் வாய் திறவாமல் இருப்பதைக் கண்டும் மனம் தளரலாகாது. பலர் முன்னிலையில் பிழைபடப் பேச அஞ்சியே அவர்கள் வாளாவிருக்கின்றனர். இருவர் இருவராகப் பேசவிட்டுப் பின்னர்க் கேட்டால் விடை வரும்.

"நம் உச்சரிப்பை ஏற்பார்களா?" என்னும் அச்சம் தமிழருக்கு உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரையே விரும்பும் நிறுவனங்கள் இருக்கத்தான் செய்கின்றன, மறைப்பானேன்? ஆனால் வகுப்பறையில் நமக்கு ஒரு தனி வலிமை உண்டு. ஜப்பானிய மாணவன் மேசையை 'டெசுகு' என்பான். பாலை 'மிருகு' என்பான். மெய்யெழுத்தில் முடியும் சொல்லுக்குப் பின்னால் ஓர் உயிரைச் சேர்த்துப் 'பஸ்ஸு' என்று சொல்லி வளர்ந்த நமக்கு அவன் இடர்ப்பாடு எளிதில் புரியும். 'ஏ', 'தி' என்னும் சுட்டுச் சொற்கள் அவன் மொழியிலும் இல்லை, நம் மொழியிலும் இல்லை. அவன் தடுக்கி விழும் அதே கல்லில் நாமும் தடுக்கியவர்கள் அல்லவா?

இந்த ஒற்றுமை நாம் ஜப்பானிய மொழி கற்கவும் துணைசெய்யும். 'நேற்றுப் பள்ளிக்குப் போனேன்' என்பதை அவர்கள் 'கினோ கக்கோ நி இகிமஷிதா' என்பர். சொற்களின் வரிசை அப்படியே நம்முடையது; நம் 'கு' உருபு நிற்கும் இடத்தில் 'நி' நிற்கிறது. இரு மொழிகளுக்கும் உறவுண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு உண்டோ இல்லையோ, வாக்கியத்தை அமைக்க நாம் புதிதாகப் பழக வேண்டியது குறைவு. எழுத்துத்தான் பெருந்தடை. ரயில் நிலையப் பெயர்களை ஆங்கிலத்திலும் எழுதியிருப்பர்; மின்கட்டணச் சீட்டையும் மருந்துப் பையையும் அவ்வாறு எதிர்பார்க்க முடியாது. ஹிரகானா, கதகானா என்னும் இரு எழுத்து வரிசைகளையும் இங்கேயே கற்றுக்கொண்டு செல்வது ஒரு மாதப் பயிற்சியே.

புலால் உண்ணாதோர்க்கு ஓர் எச்சரிக்கை: காய்கறிக் குழம்பு என்று தருவதிலும் மீனை வேகவைத்து எடுத்த சாறு இருக்கக்கூடும். பள்ளி உணவைப் பற்றி முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பருப்பும் புளியும் வேண்டுவோர் தோக்கியோவில் இந்தியர் மிகுதியாக வாழும் நிஷிகசாய்ப் பகுதியில் பெறலாம். மற்ற ஊர்களுக்கு அஞ்சலில் வரும்.

நண்பர்களே, தமிழ்நாட்டை விட்டு இப்பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் மாதத்தில், கடைக்காரர் சொன்ன விலை விளங்காமல் விழித்தவர்கள் நம்மில் பலர். ஜப்பான் செல்பவருக்கு நேர்வதும் அதுவே, பல மடங்கு பெரிதாக. வகுப்பறையில் ஆசிரியர், வாயிலைத் தாண்டினால் எழுத்தறியாதவர். இவ்விரு நிலையையும் நாணமின்றி ஏற்று, காலையில் கற்பித்து மாலையில் கற்பவருக்கே அந்நாடு விரைவில் பழகும். போக விரும்புவோர் செல்க. ஆங்கிலப் பட்டத்தோடு ஒரு புதிய மாணவனின் பணிவையும் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு செல்க.