கிராம சபையில் இளைஞர் குரல்

இரவில் மோட்டாரைப் போட்டு வயலுக்கு நீர் பாய்ச்சும் பொறுப்பைப் பதினெட்டு வயது மகனிடம் நம்பி ஒப்படைக்கிறோம். ஆனால் கிராம சபை கூடும்போது மட்டும், “சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்?” என்று அவனை ஓரத்தில் நிறுத்திவிடுகிறோம். சட்டம் அவனை அவ்வாறு நிறுத்தவில்லை.

அரசியலமைப்பின் 61ஆவது திருத்தத்தால், 1989 மார்ச் 28 முதல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. ஆயினும் சட்டமன்ற உறுப்பினராவதற்கு 25 வயதும், ஊராட்சி உறுப்பினராவதற்கு 21 வயதும் நிரம்பியிருத்தல் வேண்டும். அப்படியாயின், இடைப்பட்ட வயதினர் அரசுக்குத் தம் குறையை முறைப்படி தெரிவிக்க வழி யாது? 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்களே ஆவர். அங்கே அறுபது வயதுப் பெரியவருக்குள்ள உரிமை அனைத்தும் இளைஞருக்கும் உண்டு.

நாம் பார்வையிடச் சென்ற ஒரு கிராம சபையில் கல்லூரி மாணவி ஒருவர் எழுந்து, மாலையில் கல்லூரி விட்டபின் ஊருக்குப் பேருந்து இல்லையென்றும், பிரதான சாலையிலிருந்து இருட்டில் நடந்து வரவேண்டியுள்ளதென்றும் முறையிட்டார். பலரும் ஆமோதித்தனர். பின்னர்த் தீர்மானப் பதிவேட்டைப் புரட்டியபோது தெருவிளக்கு இருந்தது, குடிநீர்க் குழாய் இருந்தது, பேருந்து இல்லை. கேட்டதற்கு, “அது நம் அதிகாரத்தில் இல்லையே” என்றனர். கூட்டத்திலேயே இதைக் கவனியாதது நம் பிழையுமாகும். ஊராட்சியால் செய்ய இயலாததையே அவசியம் தீர்மானமாக எழுதவேண்டும். வாயால் சொன்னது கூட்டம் கலையும்போதே கலைந்துவிடும். எண்ணிட்ட தீர்மானமோ ஒன்றிய அலுவலகத்தின் வழியாக உரிய துறைக்குச் செல்லும். அடுத்த சபையில் அம்மாணவி மீண்டும் பேசினார், கோரிக்கை தீர்மானமாயிற்று. பேருந்து இன்னும் வரவில்லை. எனினும் நினைவூட்டுக் கடிதம் எழுத நம்மிடம் ஒரு தீர்மான எண் இருக்கிறது.

இவையெல்லாம் பட்டியலில் பெயர் ஏறினாலன்றோ? முன்பு ஜனவரி முதல் நாளன்று 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். அந்நாள் தவறினால் ஓராண்டு காத்திருக்க நேரிடும். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாட்களாயின. 17 வயது நிரம்பியவர் படிவம் 6ஐ முன்கூட்டியே அளிக்கலாம். மணமாகி வேற்றூரிலிருந்து வந்த பெண்களின் பெயர் பிறந்த ஊரிலேயே தங்கிவிடுவது நாம் அடிக்கடி காணும் குறை. இதனையும் உறுப்பினர்கள் கவனிக்கவேண்டும்.

கிராம சபை அறிவிப்பை ஊராட்சி அலுவலகச் சுவரில் மட்டும் ஒட்டினால் இளைஞர் கண்ணில் படுவதில்லை. பேருந்து நிறுத்தத்திலும் விளையாட்டுத் திடலிலும் ஒட்டுங்கள். கூட்டத்தில் அவர்கள் எழுந்து பேசினால், பேசி முடிக்கும்வரை எவரும் குறுக்கிடாமல் தலைவர் பார்த்துக்கொள்ளட்டும். கலைவதற்கு முன் அன்றைய தீர்மானங்களை உரக்கப் படிக்கச் செய்யட்டும். விடுபட்டது எதுவென்று சொன்னவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.