பார்த்ததும் மறையும் போட்டோ... நிஜமாவே அழியுதா?

திருமழிசை:
"ஒரு தடவைதான் பார்க்க முடியும், அப்புறம் தானா அழிஞ்சுடும்". இந்த நம்பிக்கையில்தான் இன்று பலரும் செல்போனில் அந்தரங்கப் படங்களைக்கூட அனுப்பி விடுகிறார்கள். திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் வாலிபர்கள், பூந்தமல்லி பஸ்சில் காலேஜ் போகும் மாணவிகள் என யார் கையிலும் ஸ்மார்ட்போன்தான். ஆனால் மறைந்த படம் உண்மையிலேயே மறைந்து விட்டதா?

ஆரம்பித்தது யார்?

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பழகிய இவான் ஸ்பீகல், பாபி மர்பி, ரெஜி பிரவுன் ஆகியோர் 2011-ல் தொடங்கியது ஸ்னாப்சாட். ஆரம்பத்தில் ஒரு படத்தை அதிகபட்சம் 10 வினாடிதான் பார்க்க முடியும். 2021 ஆகஸ்டில் வாட்ஸ்அப்பிலும் 'ஒருமுறை மட்டும்' பார்க்கும் வசதி வந்தது.

அனுப்பும் படம் கம்பெனியின் சர்வர் வழியாக எதிராளியின் போனுக்குப் போகிறது. அவர் திறந்து பார்த்து மூடியதும் அழிக்கப்படுகிறது. திறக்காமலே விட்டால் வாட்ஸ்அப்பில் 14 நாளில் காலாவதி ஆகிவிடும்.

மவுசு ஏன்?

கோணல் மூஞ்சி, தூங்கி வழியும் முகம் என எதையும் கூச்சமில்லாமல் அனுப்பலாம். வீட்டில் போனை வாங்கிப் பார்த்தாலும் பார்த்து முடித்த படம் தெரியாது. ஸ்னாப்சாட்டில் இருவரும் தொடர்ந்து 3 நாள் படம் அனுப்பினால், பெயர் பக்கத்தில் தீ சின்னம் வரும். ஒருநாள் விட்டாலும் அது போய்விடும். அதைக் காப்பாற்றவே தினமும் அனுப்புகிறார்கள்.

இங்கேதான் ஆபத்து

ஸ்னாப்சாட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அனுப்பியவருக்குத் தகவல்தான் வரும், தடுக்க முடியாது. வாட்ஸ்அப்பின் 'ஒருமுறை' படத்துக்கு ஸ்கிரீன்ஷாட் தடை உண்டு. ஆனால் இன்னொரு போனை எடுத்து 'கிளிக்' செய்தால்? எந்த ஆப்பாலும் தடுக்க முடியாது.

படங்கள் மறைந்துவிடும் என்று சொல்லி மக்களை ஏமாற்றியதாக 2014-ல் அமெரிக்க வர்த்தக ஆணையமே ஸ்னாப்சாட் மீது குற்றம் சாட்டியது. வேறு ஆப்கள் மூலம் படங்களைச் சேமிக்க முடியும் என்பது அப்போது அம்பலமானது.

மிரட்டினால்...

படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பயந்து பணம் கொடுக்க வேண்டாம். மிரட்டல் மெசேஜையும் நம்பரையும் அழிக்காமல் வைத்திருங்கள், அதுதான் சாட்சி. தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். ஆவடி கமிஷனரக சைபர் கிரைம் போலீசிலும் புகார் தரலாம்.

ஒருவரின் அந்தரங்க உறுப்பு தெரியும் படத்தைச் சம்மதம் இல்லாமல் எடுத்தாலோ, பரப்பினாலோ தகவல் தொழில்நுட்ப சட்டம் 66-இ பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், சில நேரம் இரண்டுமே கிடைக்கும்.

பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னால் பெற்றோர் அடிக்காமல், திட்டாமல் முதலில் கேளுங்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் மிரட்டுகிறவனின் ஆயுதம்.